பதினைந்தாம் வாரத்து முட்டை

முட்டை சின்னதுதான். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஓட்டின்மேல் ஒரு கீற்று ரத்தம் காய்ந்திருந்தது.

மேனேஜர் அதைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து, கொலை நடந்த வீட்டில் கண்டெடுத்த தோட்டாவை வைப்பதுபோல் என் முன்னால் மேஜையில் வைத்தார்.

"இதோட நாப்பத்தொண்ணு, டாக்டரம்மா. நாலு நாள்ல."

"எந்த ஷெட்?"

"மூணு."

காலையிலிருந்து எனக்கு இது மூன்றாவது பண்ணை. முதல் பண்ணையில் சளி, இரண்டாவதில் பேன். ஐந்தரை மணிக்குக் குடித்த காபிக்குப் பிறகு வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. பூட்ஸுக்குள் இரண்டு பாதங்களும் வேறு யாருடையவோ போலக் கனத்தன. அவ்வளவு அசதியிலும், மூணு என்றதும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

மூன்றாம் ஷெட்டில் முட்டை இருக்கக் கூடாது.

அங்கே இருப்பவை பதினைந்து வாரக் கோழிகள். பன்னிரண்டாயிரம். பதினெட்டாவது வாரம்வரை அவை முட்டையைப் பற்றி நினைக்கவே கூடாது என்பதற்காகவே கட்டிய ஷெட் அது. ஜன்னல் கிடையாது. சுவரில் ஊசி முனை ஓட்டை கிடையாது. காற்றாடிகளுக்கு முன்னால் கறுப்புத் தகடுகள் வளைந்து வளைந்து நிற்கும். காற்று நுழையும், வெயில் நுழையாது. காலை எட்டு மணிக்கு டைமர் விளக்குகளைப் போடும். நான்கு மணிக்கு அணைக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே நான்கு மணிக்கு இரவு.

கோழிக்கு வயது வந்துவிட்டது என்று சொல்வது வெளிச்சம்தான். அது கண் வழியாக மட்டும் போவதில்லை. மண்டை ஓட்டைத் துளைத்துக்கொண்டு நேராக மூளையின் அடியில் போய் விழுகிறது. பகல் நீள்கிறது என்று அங்கே தெரிந்துவிட்டால் போதும். மூளை பிட்யூட்டரியை எழுப்பும், பிட்யூட்டரி ரத்தத்தில் ஹார்மோனை இறக்கும், சினைப்பை சோம்பல் முறித்து எழுந்துகொள்ளும். வளர்ந்த கோழிக்கு அது சரி. இடுப்பெலும்பு விரியாத கோழிக்கு அது மரண தண்டனை. முட்டை பாதி வழியில் சிக்கும், பின்புறம் வெளியே பிதுங்கும், ரத்தத்தைப் பார்த்த மற்றக் கோழிகள் கொத்தியே முடித்துவிடும்.

"செத்தது எத்தனை?"

"நேத்து ஒன்பது. இன்னிக்குக் காலையில மட்டும் பதினொண்ணு." மேனேஜர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். "யாரோ விளக்கைப் போட்டிருக்காங்க. யாருன்னும் எனக்குத் தெரியும். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

டைப் அடித்த காகிதம். அதன்படி, மூன்றாம் ஷெட் பணியாளரின் கவனக்குறைவே காரணம் என்று நான் ஏற்கெனவே உறுதி செய்திருந்தேன். என் பெயருக்கு மேல் கோடு காலியாக இருந்தது.

"நான் இன்னும் ஷெட்டுக்குள்ள காலே வைக்கலையே?"

"வையுங்க, வேணாங்கல. ஆனா நாலு மணிக்குள்ள. அத்தை வராங்க."

அத்தை என்றால் முதலாளியம்மா. மேனேஜர் அவருடைய மகளைக் கட்டியவர். தீவன லாரி டிரைவர் முதல் முட்டை அடுக்கும் பெண்கள் வரை எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை என்றும், நேரில் மேனேஜர் சார் என்றும் அழைத்தார்கள். இரண்டிலும் ஒரே அளவு மரியாதைதான் இருந்தது.

"அத்தை வந்ததும் 'யாரு'ன்னு கேப்பாங்க. 'ஏன்'னு கேக்க மாட்டாங்க. எனக்கு ஒரு ஆள் வேணும், டாக்டரம்மா. இல்லேன்னா அந்த ஆள் நான்தான்."

மணி ஒன்றரை.

*

மூன்றாம் ஷெட்டைப் பார்த்துக்கொள்பவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் அவர் கிசுகிசு. பதினோரு வருடமாகக் குஞ்சுகளுக்கு நடுவே வேலை பார்த்து, அவை மிரளக் கூடாது என்று குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் தொண்டையே அப்படிப் பழகிவிட்டது. சந்தைக்குப் போனாலும் ரகசியம் சொல்வதுபோலத்தான் தக்காளி கேட்பார். அடுத்தவர் கதை மட்டும் அந்த வாயில் வராது.

ஷெட் வாசலில் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி முட்டை அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு வேகமாக வந்தார். பேக்கிங்கில் வேலை. கணவருக்கும் சேர்த்து இவர் பேசுவார்.

"டாக்டரம்மா, நில்லுங்க. எங்களை மூட்டை கட்டச் சொல்லப் போறாங்களா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. காலையில மாப்பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சாரு. பதினோரு வருஷத்துல முதல் தடவை. அப்பவே வீட்டுப் பாத்திரத்தை எண்ண ஆரம்பிச்சிட்டேன்."

தீவனக் கிடங்குக்குப் பின்னால் ஒரு அறையும் ஒரு சமையலறையும் பண்ணை கொடுத்தது. கணவர் வேலை போனால் மனைவி வேலையும் போகும், மாலைக்குள் அறையும் போகும்.

"உங்க வீட்டுக்காரர் ராத்திரி ஷெட்டுக்குப் போவாரா?"

"ராத்திரியா? ஏழு மணிக்கு வருவாரு, சாப்பிடுவாரு, எட்டு மணிக்குக் குறட்டை. அந்தக் குறட்டையும் காதுல விழாது. மனுஷன் உசுரோட இருக்காரான்னு நான்தான் மூக்குல விரல் வெச்சுப் பாக்கணும்."

ஏழு மணிக்கு வருவார். ஷெட்டில் விளக்கு அணைவது நான்கு மணிக்கு. நடுவில் மூன்று மணி நேரம். நான் அங்கேயே நின்று அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அசதியில் என் மண்டை அப்போதே பாதிக் கதவைச் சாத்தியிருந்தது.

*

டைமர் பெட்டியில் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. எட்டுக்குப் போட்டு நான்குக்கு அணைத்ததை அதன் சின்னக் காகிதச் சுருள் நாள் தவறாமல் பதிந்திருந்தது.

"முத்திரையை உடைக்காமயே கம்பி இழுத்திருப்பான்" என்றார் மாப்பிள்ளை.

"எங்கே?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டது?"

உமி பரப்பிய தரையில் கோழிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கிசுகிசு பின்னால் வந்தார். அவர் நடந்தால் கோழிகள் ஒதுங்குவதில்லை. கால்களுக்கு நடுவில் புகுந்து போயின. மாப்பிள்ளை நடந்தபோது ஷெட்டில் பாதி எழுந்து பறந்தது.

முதல் வரிசைகளில் கொண்டைகள் வெளிறிய ரோஜா நிறம். குழந்தைக் கொண்டைகள். சரி. நடு ஷெட்டிலும் அப்படியே. ஷெட்டின் கடைசி முனையை நெருங்க நெருங்க நிறம் ஏறியது. கடைசி இருபது அடியில் கொண்டைகள் பெருத்து, பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தன.

ஒன்றைத் தூக்கினேன். எடை இல்லை. அடிவயிற்றில் இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரலை வைத்தேன். இந்த வயதில் ஒரு விரல்கூட நுழையக் கூடாது. இரண்டு நுழைந்தன. ஒன்றிரண்டு நாளில் இதுவும் முட்டை இடும். இட முடியாமல் செத்தும் போகலாம். என் கைக்குள் அதன் இதயம் தடதடத்தது.

ஒரு பக்கம் குழந்தைகள், ஒரு பக்கம் அவசரமாகப் பெரியவர்களானவை. நடுவில் யாரோ கோடு கிழித்ததுபோல் இருந்தது. விளக்குகள் எல்லாம் எரிந்திருந்தால் ஷெட் முழுக்கச் சிவந்திருக்கும். வெளிச்சம் இந்த மூலையில் மட்டும் விழுந்திருக்கிறது.

"காத்தாடித் தகடு இந்த முனையிலதானே இருக்கு?" என்றேன். "ஏதோ ஒண்ணு விலகியிருக்கலாம். விளக்கை அணைங்க. இருட்டுல நின்னு பாத்துடலாம்."

வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேறு கருவி கிடையாது. நட்ட நடுப் பகலில் உள்ளே நின்று, விளக்குகளை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் தன் கை தனக்குத் தெரியவில்லையென்றால் ஷெட் நன்றாக இருக்கிறது.

கிசுகிசு விளக்குகளின் பிரதான சுவிட்சை அணைத்தார்.

இருட்டு தொப்பென்று விழுந்தது. பன்னிரண்டாயிரம் கோழிகள் ஒரே நொடியில் பேச்சை நிறுத்தின. பிறகு உமியில் உட்காரும் சரசரப்பு அலைபோல் ஓடி அடங்கியது. காற்றாடிகளின் உறுமல் மட்டும்.

"டாக்டரம்மா," மாப்பிள்ளையின் குரல் இரண்டு அடி தள்ளி நடுங்கியது. "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என் கால்மேல ஏதோ உக்காந்திருக்கு."

"கோழியாத்தான் இருக்கும், சார்" என்று கிசுகிசுத்தது இருட்டு.

மாப்பிள்ளையின் போன் அலறியது. திரை வெளிச்சத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "அத்தை! இதோ, உள்ளதான் இருக்கேன், அத்தை!" என்று கத்தியபடி தடுமாறி ஓடினார். உள்கதவு திறந்து மூடியது, பிறகு வெளிக்கதவு. மறுபடியும் இருட்டு.

ஐந்து நிமிடம் நின்றேன். பத்து நிமிடம் நின்றேன். நின்றபடியே கண் செருகியது. என் கை எனக்குத் தெரியவில்லை. ஒரு பொட்டு வெளிச்சம் எங்கும் இல்லை. தகடு ஒழுங்கு. சுவர் ஒழுங்கு. கூரை ஒழுங்கு.

அப்படியானால் மனிதர்தான்.

"ஏதாவது தேடறீங்களாம்மா?" என்றார் கிசுகிசு என் காதருகில். "விளக்கு வேணுமா?"

"வேணாம். போட்டா முதல்லேருந்து நிக்கணும்."

"இது போட்டாப் பரவாயில்லம்மா. கோழிக்குத் தெரியாது."

டிக் என்றது.

தலைக்கு மேல் தண்ணீர்க் குழாயில் கட்டி, காற்றாடி வயரில் இணைத்துத் தொங்கவிட்ட ஒரு பல்பு. கோழிகளையே பார்த்து நடந்த நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை. அதைச் சுற்றி ஒழுங்காக மடித்து நூலால் கட்டிய கண்ணாடித்தாள். ஷெட்டின் கடைசி இருபது அடி சிவப்பாக எழுந்து நின்றது.

*

"எத்தனை நாளா?" என்றேன். என் குரலும் கிசுகிசுவாகத்தான் வந்தது.

"ஆறு வாரம் இருக்கும்மா. இந்த முனையில கோழி கொத்தித் தண்ணி குடிக்கிற நிப்பிளெல்லாம் ஒழுகுது. உமி நனைஞ்சு நாறுது. புதுசு கேட்டேன், அடுத்த பேட்ச்சுக்குப் பாக்கலாம்னுட்டாரு மேனேஜர் சார். பகல்ல குழாயை அடைச்சா கோழி தண்ணிக்கு அடிச்சுக்கும். அதான் நாலு மணிக்கு அதுங்க தூங்கினப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு உக்காருவேன். ஒண்ணைச் சரி பண்ணினா பக்கத்துல இன்னொண்ணு ஒழுகும். ஏழு ஆயிடும்."

நான்கிலிருந்து ஏழு. எட்டு மணி நேரப் பகலோடு மூன்று மணி நேரம். இந்த மூலைக் கோழிகளுக்கு ஆறு வாரமாகப் பதினொரு மணி நேரப் பகல். சினைப்பை விழிக்க வேறென்ன வேண்டும்?

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்ல என்னம்மா இருக்கு? வெள்ளை விளக்குப் போட்டாத்தானே தப்பு? இதுல பாருங்க, ஒண்ணுகூட எழுந்திரிக்கல. தெரிஞ்சா எழுந்திரிக்காதா?"

உண்மைதான். சிவப்பு வெளிச்சத்தில் கோழிகள் அமைதியாகத்தான் இருக்கும். அமைதியாக உட்கார்ந்தபடியே வயதுக்கு வரும். எல்லா நிறங்களிலும் மண்டை ஓட்டைத் தாண்டி ஆழமாக இறங்குவது சிவப்புதான்.

"சிவப்புன்னா கோழிக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்கதாம்மா."

காற்றாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"போன வருஷம், ரெண்டாம் ஷெட்டுல வயசான கோழியெல்லாம் ஏத்தி அனுப்பினோமே. இருட்டுல பிடிக்க எந்த விளக்கு போடட்டும்னு கேட்டேன். நீங்க போன்ல யாருகூடவோ பேசிக்கிட்டு இருந்தீங்க. இடது கால்ல கட்டு போட்டிருந்தீங்க. 'சிவப்பு போட்டுக்கோங்க, கோழிக்குத் தெரியாது'ன்னீங்க. அன்னிக்கே கடையில போய் இந்தத் தாளை வாங்கிட்டு வந்துட்டேன்."

கால் கட்டு நினைவிருந்தது. போன் நினைவிருந்தது; வேறொரு பண்ணையில் பறவைகள் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன, முதல் நாள் காலையிலிருந்து நான் கண் மூடவில்லை. நான் சொன்ன வார்த்தை மட்டும் நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். கோழி பிடிக்கப் போட வேண்டியது நீலம். நீல வெளிச்சத்தில்தான் அவற்றுக்குப் பார்வை மங்கும். இது என் மாணவப் பருவத்துப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்லியிருப்பேன். அன்று தூங்காமல் இருந்தபோது கேட்டுவிட்டார்.

லாரி ஏறப் போகும் கிழட்டுக் கோழிக்கு எந்த நிறமும் ஒன்றுதான். அதனால் எனக்குத் தெரியாமலே போயிற்று. அவர் மட்டும் அந்த ஒரு வரியை ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்தார்.

"அதைக் கழட்டிடுங்க" என்றேன். "இனிமே போடாதீங்க."

அவர் முகத்தில் சிவப்பு வெளிச்சம். பல்பைப் பார்த்தார். சிவந்த கொண்டைகளைப் பார்த்தார். மறுபடியும் பல்பை.

நான் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். கதவுக்கு வெளியே மூன்று மணி வெயில் கண்ணில் அறைந்தது.

*

ஆபீஸில் குட்டைக்கால் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே அதே காகிதம். மாப்பிள்ளை பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தார்.

"தகடு ஓட்டையா?"

"இல்ல."

"அப்ப அவன்தான்."

நான் நான்கு பண்ணைகளுக்கு மருத்துவர். மற்ற மூன்றும் இந்த முதலாளியம்மா சொல்லிக் கிடைத்தவை. அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் மூன்று கேட்டுகளும் சாத்திக்கொள்ளும். ஐம்பத்திரண்டு வயதில் புதுப் பண்ணை தேடி அலைய இந்தக் கால்களுக்குத் தெம்பு இல்லை. ஷெட்டுக்குள் கிசுகிசு சொன்னதைக் கேட்டது நானும் கோழிகளும்தான். கையெழுத்து என்பது நான்கு எழுத்து. அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

படுத்தால் தூக்கம் வருமா என்றுகூட நான் யோசிக்கவில்லை. அவ்வளவு அசதி. வரும் என்றுதான் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

"வேணும்னா தகடு மாட்டினவன் பேரையும் சேத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை தாராளமாக. "ரெண்டு ஆள் இருந்தா அத்தைக்குக் கொஞ்சம் திருப்தியா இருக்கும்."

கதவில் நிழல் தட்டியது. கிசுகிசு. கையில் அந்தப் பல்பு, கண்ணாடித்தாளோடு. அவருக்குப் பின்னால் மனைவி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு.

"சார்" என்றார் அவர்.

"என்ன? சத்தமா சொல்லு."

"விளக்குப் போட்டது நான்தான், சார். இது. ஆறு வாரமா."

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். கூரையிலிருந்து பரிசுச் சீட்டு விழுந்தவர் முகம். "ஒத்துக்கிட்டான்! டாக்டரம்மா, நீங்க சாட்சி! அவனே ஒத்துக்கிட்டான்!"

நான் கிசுகிசுவைப் பார்த்தேன். இப்போது சொல்வார், டாக்டரம்மா சொல்லித்தான் செய்தேன் என்று. சொன்னால் எனக்கும் ஒரு வழி பிறந்துவிடும். இல்லை என்று சாதிக்கலாம், அல்லது ஆமாம் என்று தலையாட்டலாம். அவர் சொல்லவில்லை.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். முதலாளியம்மா இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தார். அந்தச் சில நொடிகளில் கிசுகிசு என் பக்கம் குனிந்தார்.

"நீங்க சரியாத்தாம்மா சொல்லியிருப்பீங்க. நான்தான் வேற எதையோ தப்பாப் பண்ணியிருக்கேன். தாள் மெல்லிசாப் போச்சோ என்னவோ."

"யோவ், வாயை மூடு" என்றார் மனைவி. "அவங்க பேசட்டும்."

சிவப்பு என்று சொன்னது நான்தான் என்பது மனைவிக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கண்கள் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

*

முதலாளியம்மா உட்காரவில்லை. மேஜைமேல் இருந்த சின்ன முட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"யாரு?"

"இவன்தான், அத்தை. ஒத்துக்கிட்டான். டாக்டரம்மா கையெழுத்து—"

"நான்" என்றேன்.

எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: போன வருடம், போன், தூங்காத முப்பது மணி நேரம், நீலத்துக்குப் பதில் சிவப்பு.

"அவர் நான் சொன்னதைத்தான் செஞ்சார். நான் சொன்னது தப்பு."

கிசுகிசு பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நன்றி இல்லை. வீட்டில் ரொம்ப நாளாக இருந்த ஒரு பொருள் போலி என்று தெரிந்தவரின் முகம் அது.

"ஏன் நாலு மணிக்கு மேல ஸ்பேனர் பிடிச்சார்னும் கேளுங்க" என்றேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் பத்துக் கோழி வெந்திருக்கும்.

முதலாளியம்மா கேட்டார். கிசுகிசு சொன்னார். நிப்பிள் கேட்டது, கிடைக்காதது. அவர் குரலைக் கேட்க எல்லோரும் குனிய வேண்டியிருந்தது. மாமியாரும் மருமகனும் மேஜைமேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தது வேறொரு நாளாக இருந்தால் சிரிப்பாக இருந்திருக்கும்.

"அப்ப டாக்டரை மாத்திடலாமா, அத்தை?" என்றார் மாப்பிள்ளை சின்னக் குரலில்.

"மாத்தினா இவங்க வீட்டுக்குப் போய்த் தூங்குவாங்க. புதுசா வர்றவரு ரெண்டு நாள் ஷெட்டைச் சுத்திப் பாத்துட்டு, சுவிட்ச் எங்கேன்னு கேப்பாரு. பன்னண்டாயிரம் உசுரு, அதுவரைக்கும் யாரு பாக்கறது?" முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "பதினெட்டாவது வாரம் முடியற வரைக்கும் தினம் காலையில எட்டு மணிக்கு, விளக்கு எரியறப்போ நீங்க அந்த ஷெட்டுல நிக்கணும். உங்களுக்கு ஒரு பைசா கிடையாது. அதுக்கப்புறம் வேணுமா வேணாமான்னு பேசிக்கலாம்."

"சரி."

"மத்தப் பண்ணைக்காரங்க கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

"சரி."

"மாப்பிள்ளை, நாளைக்குள்ள புது நிப்பிள் வரணும். மாட்டறது நீங்கதான். பகல்ல, கோழி முழிச்சிருக்கறப்போ. இவர் ஸ்பேனர் எடுத்துக் குடுப்பாரு."

"நானா, அத்தை? கோழிக்கு நடுவுலயா?"

"அதுக்குப் பயந்தா எப்படிப்பா? அதுங்க உங்களைப் பாத்துப் பயப்படாம இருந்தாச் சரி."

வெளியே வந்தபோது கிசுகிசுவின் மனைவி என் பின்னால் வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். என் கையில் இரண்டு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனார்.

*

தொடங்கிவிட்டதைத் திருப்பி அனுப்ப வழி இல்லை. கடைசி முனைக் கோழிகளை வலை கட்டிப் பிரித்தோம். இரண்டாயிரத்து அறுநூறு. அவற்றுக்குத் தனித் தீவனம், தனி எடை. வெளிச்சத்தை ஒரு நிமிடம்கூட நீட்டாமல், ஓடுகிறவற்றை நடக்க வைக்கப் பார்ப்பது மட்டும்தான் வைத்தியம். முதல் வாரம் தினமும் பதினைந்து செத்தன. இரண்டாவது வாரம் ஏழு. ஒவ்வொன்றையும் நான்தான் அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரே மாதிரிதான்: பட்டாணி பட்டாணியாக மஞ்சள் கரு, காத்திருக்கத் தெரியாமல் வரிசை கட்டி நின்றது.

பேன் பண்ணை என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மற்ற இரண்டும் இன்னும் கூப்பிடுகின்றன. எட்டு மணிக்கு இங்கே நிற்க வேண்டும் என்பதால் நாலரைக்கே எழுகிறேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் சாவு இரண்டாகக் குறைந்தது. எடையும் பரவாயில்லை. அன்று கிசுகிசுவிடம் சொன்னேன்:

"வலைக்குள்ள இருக்கறதுக்கு இன்னிக்கிலேருந்து தலைக்கு அஞ்சு கிராம் தீவனம் கூட்டிப் போடுங்க."

முன்பெல்லாம் நான் வாயை மூடுவதற்குள் வாளியை எடுத்திருப்பார். இப்போது நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து நீட்டினார்.

"எழுதிக் குடுங்கம்மா."

எழுதினேன். தேதி போட்டேன். கையெழுத்தும் போட்டேன். அவர் அதை உதடு அசைய இரண்டு முறை படித்தார். நோட்டை மூடினார். அப்படியும் போகவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். "நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினீங்களாம்மா?"

"தூங்கினேன்."

"எத்தனை மணி நேரம்?"

பொய் சொல்லியிருக்கலாம். "நாலு" என்றேன்.

அவர் கோழிகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நோட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு ஒருவாட்டி கேட்டுக்கறேம்மா" என்று கிசுகிசுத்துவிட்டு, பழைய அளவையே அளக்கப் போனார்.